நூறு கஜத்துக்கு எழுபது ஆட்டம்

பொறுமைக்குப் பூமாதேவியை உதாரணமாகச் சொல்வது நமது வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பூமாதேவிக்கு அடுத்த ஸ்தானம் காலியாக இருக்குமானால், அதை அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள டிட்ராய்ட் நகரத்துக் கால்பந்து ரஸிகர்களுக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

காரணம் இதுதான். 2013-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி, அந்த நகரத்துக் கோஷ்டியான 'லயன்ஸ்' கோஷ்டியைச் சேர்ந்த ஓர் ஓட்டக்காரர், ஒரே ஆட்டத்தில் 100 கஜத்துக்கு மேல் பந்தைத் தாங்கிக்கொண்டு ஓடினார். அதே கோஷ்டியில் இன்னொருவர் அந்தக் காரியத்தை மறுபடியும் செய்து காட்டியது 2018-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி. இடையில் ஏறக்குறைய ஐந்து வருஷம். லீக் ஆட்டங்கள் மட்டும் 70. மற்றக் கோஷ்டிகளில் வாரந்தோறும் யாராவது சிலர் செய்துவிடுகிற காரியத்தை இங்கே 70 ஆட்டங்களில் ஒருவரும் செய்யவில்லை!

"100 கஜம் என்ன பிரமாத தூரம்? எங்கள் தெருப் பால்காரர் பொழுது விடிவதற்குள் அதைப் போல இருபது மடங்கு நடந்துவிடுகிறாரே!" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பால்காரரை வழிமறித்துக் கீழே தள்ளுவதற்கென்று மிகுந்த கனமுள்ள ஆசாமிகள் பதினொரு பேர் தெருவில் காத்திருப்பதில்லை. டிட்ராய்ட் ஓட்டக்காரர்களுக்கோ அந்தப் பாக்கியம் ஒவ்வொரு வாரமும் வாய்த்திருந்தது.

ஆட்டத்தின் போக்கு

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. கைக்கும் தோளுக்குமே வேலை அதிகம். இரு முனையும் கூரான நீள்வட்டப் பந்து. பக்கத்துக்குப் பதினொரு பேர். 100 கஜ நீளமுள்ள மைதானம். பந்து எந்தப் பக்கத்தாரிடம் இருக்கிறதோ அவர்கள் நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்; இல்லாவிட்டால் பந்து எதிரிகளின் கைக்குப் போய்விடும். இப்படியே எல்லைக் கோடு வரையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அதற்கு 'டச்டவுன்' என்று பெயர்.

முன்னேறுவதற்கு வழிகள் இரண்டு. கோஷ்டியின் சூத்திரதாரியான 'க்வார்ட்டர்பாக்' என்பவர் பந்தைத் தூர எறிந்து, ஓடிப்போகும் தம் தோழர் ஒருவர் கையில் சேர்க்கலாம். அல்லது பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரர் கையில் பந்தைக் கொடுத்து, "ஓடு, அப்பா!" என்று விட்டுவிடலாம். அந்த ஓட்டக்காரருக்குத்தான் அங்கே 'ரன்னிங் பாக்' என்று பெயர். ஒரு தடவை ஓடினால் சராசரி நாலு கஜத்துக்கு மேல் கிடைக்குமானால் அவர் கெட்டிக்காரர். மூன்று கஜம்தான் கிடைக்கிறது என்றால் ரஸிகர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். இரண்டு என்றால் முணுமுணுப்பு கூச்சலாகிவிடும்.

நமது ஊர்ச் சடுகுடுவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பாடிப் போகிறவரைச் சுற்றி வளைத்துக் காலைப் பிடிக்கிறார்கள் அல்லவா? அந்தக் காட்சியை ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது தடவை நடத்தி, ஒவ்வொரு தடவையும் எத்தனை அடி நகர்ந்தது என்று கணக்கெழுதினால் எப்படியோ, அப்படித்தான் இந்த ஆட்டம். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கு இருக்கிறபடியால் குற்றப் பத்திரிகையும் உண்டு.

பாரி ஸாண்டர்ஸ்

டிட்ராய்ட் ரஸிகர்களின் மனக்குறையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அவர்கள் அநுபவித்த செல்வம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பரம ஏழைக்கு இல்லாமை பழகிப்போயிருக்கும். ஒரு காலத்தில் வாழ்ந்து கெட்டவனுக்குத்தான் பசி அதிகமாகத் தெரியும்.

கான்ஸாஸ் மாகாணத்து விசிடா நகரத்தைச் சேர்ந்த பாரி ஸாண்டர்ஸ் 1989-ம் வருஷம் லயன்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். உயரம் ஐந்தடி எட்டங்குலம். இந்த ஆட்டத்துக்கு அது குள்ளம் என்றே சொல்லவேண்டும். ஆனால் பந்து கைக்கு வந்ததும் அவர் எந்தப் பக்கம் போவார் என்பது எதிரிகளுக்கும் தெரியாது. சொந்தக் கோஷ்டியாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ என்று பார்ப்பவர்கள் சந்தேகிப்பார்கள். பிடித்துவிட்டோம் என்று எதிரி கையை மூடும்போது கைக்குள் காற்றுத்தான் இருக்கும். பத்து வருஷங்களில் 15,269 கஜம் ஓடினார். 1997-ம் வருஷத்தில் மட்டும் 2,053 கஜம். அந்த வருஷத்தில் தொடர்ந்து 14 ஆட்டங்களில், ஒவ்வோர் ஆட்டத்திலும் 100 கஜத்துக்கு மேல். இத்தனைக்கும் டச்டவுன் போட்டதும் குதித்துக் கூத்தாடும் வழக்கம் அவரிடம் இல்லை. பந்தை நடுவரிடம் ஒப்படைத்துவிட்டு, கடிதம் கொடுத்த தபால்காரரைப் போல் திரும்பி நடப்பார்.

1999-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கவிருந்த தருணத்தில், தமது சொந்த ஊரான விசிடாவின் பத்திரிகைக்கு ஃபாக்ஸ் மூலம் ஒரு கடிதம் அனுப்பினார்: ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று. அவருக்கு அப்போது வயது 31. உலக சாதனையாக அன்று விளங்கிய வால்ட்டர் பேட்டனின் 16,726 கஜத்தை எட்டுவதற்கு 1,457 கஜந்தான் பாக்கி. ஒரு வருஷத்து வேலை! அதைச் செய்யாமலே போய்விட்டார். தோல்வியே பழக்கமாகிவிட்ட கோஷ்டியில் ஆடி ஆடி மனம் சலித்துப்போயிற்று என்பதைப் பின்னால்தான் உலகம் அறிந்துகொண்டது.

அன்றைய தினத்திலிருந்து டிட்ராய்ட்டில் ஓட்டக்காரர் என்று யார் வந்தாலும், அவர் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொருவரும் ஓடிக்கொண்டே இருந்தார். அந்த இன்னொருவரை முந்துவது யாருக்கும் ஸாத்தியமாகவில்லை.

நன்றியறிதல் நாளில் ஒரு விருந்து

ஸாண்டர்ஸ் போன பிறகு பதினான்கு வருஷங்களில், ஒரு ஸீஸனில் 1,000 கஜத்தைத் தாண்டியவர்கள் லயன்ஸ் கோஷ்டியில் மூன்றே பேர்தான்: ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கெவின் ஜோன்ஸ், கடைசியாக 2013-ல் ரெஜி புஷ். நடுவில் 2008-ம் வருஷத்தில் ஆடிய பதினாறு ஆட்டங்களிலும் தோற்று, கோஷ்டி சரித்திரத்தில் இடம் பெற்றது. ரஸிகர்களில் சிலர் காகிதப் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். முகத்தை மறைத்துக்கொண்டார்களே தவிர, வராமல் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2013-ம் வருஷம் நகரத்துக்கே போதாத காலம். உலகத்துக்கு மோட்டார் கார் செய்து கொடுத்த டிட்ராய்ட், ஜூலை மாதம் 18-ந் தேதி நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டது. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரத் திவால் அதற்கு முன் நடந்ததில்லை. தெரு விளக்குகள் பல எரியவில்லை. வீடுகள் பாழடைந்து கிடந்தன. அப்படிப்பட்ட வருஷத்தில் நவம்பர் மாதத்து நன்றியறிதல் நாள் வந்தது.

அந்தப் பண்டிகை அமெரிக்கா முழுவதற்கும் பொது. ஆனால் டிட்ராய்ட்டில் அதற்கு ஒரு தனிச் சடங்கு உண்டு. 1934-ம் வருஷம் முதல், யுத்தத்தையொட்டிய சில வருஷங்கள் நீங்கலாக, அன்று லயன்ஸ் கோஷ்டி சொந்த ஊரில் ஆடியே தீரும். தீபாவளிக்கு எண்ணெய் ஸ்நானம் எப்படியோ, அந்த ஊர்க்காரர்களுக்கு வான்கோழி விருந்துக்கு முன் லயன்ஸ் ஆட்டம் அப்படி. விருந்தின் ருசி பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தது. பல வருஷங்கள் வான்கோழி கசந்திருக்கிறது.

அவ்வருஷம் கசக்கவில்லை. எதிரி, பரம வைரிகளான க்ரீன் பே நகரத்து 'பாக்கர்ஸ்' கோஷ்டி. ரெஜி புஷ் 117 கஜம் ஓடினார். 40-க்கு 10 என்ற கணக்கில் லயன்ஸ் வெற்றி பெற்றது. ஜனங்கள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். இனி ஐந்து வருஷத்துக்கு இப்படி ஒரு காட்சியைக் காணப்போவதில்லை என்று அன்றைக்கு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுபது ஆட்டங்கள்

முதல் பத்து ஆட்டங்களில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. இருபது ஆயிற்று, பத்திரிகை நிருபர்கள் கவனித்தார்கள். முப்பது, நாற்பது என்று ஏறியபோது ரஸிகர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். பிறகு எண்ணுவதே ஒரு வேலையாயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்து, "இன்றைக்காவது?" என்று கேட்பதும், மூன்று மணி நேரம் கழித்து, "இன்றைக்கும் இல்லை" என்று எழுந்திருப்பதும் வழக்கமாகிவிட்டது.

ஓடியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஜோயிக் பெல் என்பவர் மிச்சிகன்காரர். டிட்ராய்ட் நகரத்துக் கல்லூரியிலேயே படித்தவர். எந்தக் கோஷ்டியும் தேர்ந்தெடுக்காமல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவர். 2014-ல் அவர் 860 கஜம் ஓடினார். அதே ஜனங்கள் அடுத்த வருஷமே, "பெல்லுக்குக் கால் ஓய்ந்துவிட்டது" என்றார்கள். சொந்த ஊர்ப் பிள்ளை என்ற தாட்சண்யம் ஒரு ஸீஸன்கூட நிற்கவில்லை.

2015-ல் அமீர் அப்துல்லா வந்தார். ஸீஸன் தொடங்குமுன் நடந்த ஒத்திகை ஆட்டத்தில் ஏழே ஓட்டத்தில் 67 கஜம்! லீக்கின் முதல் ஆட்டத்தில் முதன் முதல் பந்து கைக்கு வந்ததும் 24 கஜம் ஓடி டச்டவுன்! "ஸாண்டர்ஸ் மறுபிறவி எடுத்துவிட்டார்" என்று ஊரில் பேச்சு எழுந்தது. பாவம், அந்த ஒரு வார்த்தையே அவருக்குப் பகையாயிற்று. அடுத்த வருஷம் இரண்டாவது ஆட்டத்திலேயே பாதத்தில் பலத்த காயம் பட்டு, ஸீஸன் முழுவதும் ஆட முடியாமற்போயிற்று. 2017-ல் திரும்பி வந்து மின்னஸோட்டாவில் ஓர் ஆட்டத்தில் 94 கஜம் வரை வந்தார். இன்னும் ஆறு கஜம்! அந்த ஆட்டத்தில் லயன்ஸ் ஜயித்தது. ஆனாலும் அன்று ஊரார் வெற்றியைப் பற்றிப் பேசியதைவிட அந்த ஆறு கஜத்தைப் பற்றிப் பேசியதே அதிகம். அந்த ஸீஸன் முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஓட்டத்தில் லீக்கின் 32 கோஷ்டிகளில் லயன்ஸுக்குக் கடைசி ஸ்தானம்: ஆட்டத்துக்குச் சராசரி 76 கஜம். ஓர் ஆசாமி ஓடவேண்டிய தூரத்தை ஒரு கோஷ்டியே ஓடி முடிக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கோஷ்டி இந்தக் காலமெல்லாம் தோற்றுக்கொண்டே இருக்கவில்லை. க்வார்ட்டர்பாக் மாத்யு ஸ்டாஃபோர்டின் வலது கை அதற்குத் துணை நின்றது. 2016-ல் மட்டும் எட்டு ஆட்டங்களில், கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீட்டு அவர் வெற்றி தேடிக் கொடுத்தார். லீக்கின் சரித்திரத்தில் அது ஒரு சாதனை. ஆனால் ஓட்டம் இல்லாத கோஷ்டி, ஒற்றைக் கால் நாற்காலி. கொஞ்ச நேரம் உட்காரலாம், சாய்ந்துகொள்ள முடியாது. அந்த வருஷத்து 'பிளே-ஆஃப்' போட்டியில் ஸியாட்டில் நகரத்தில் 26-க்கு 6 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

நான்கு கட்சிகள்

இத்தனை நாள் ஏமாற்றத்தில் ரஸிகர்கள் சும்மா இருப்பார்களா? கட்சி பிரிந்தார்கள்.

முதல் கட்சி, 'ஓட்டக்காரர்தான் குற்றவாளி' என்பது. இது மிகவும் சௌகரியமான கட்சி. குற்றம் கண்ணுக்கு எதிரே நடக்கிறது. பந்து அவர் கையில் இருக்கிறது, விழுகிறவரும் அவரே. இரண்டாவது கட்சி, பயிற்சியாளரைக் குறை சொல்வது: "முதல் முயற்சியில் நடுவாக ஓடச் சொல்வார் என்பது எங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாதா?" மூன்றாவது கட்சி, நிர்வாகிகளைத் திட்டுவது. கல்லூரி ஆட்டக்காரர்களை லீக் கோஷ்டிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் வைபவம் வருஷந்தோறும் நடக்கும். அதில் வேறு யாரை எடுத்திருக்க வேண்டும் என்பதற்கு இவர்களிடம் நீண்ட ஜாபிதா உண்டு.

நான்காவது கட்சி விசேஷமானது. இவர்கள் பல கோஷ்டிகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்துக் காகிதத்தில் சொந்தமாக ஒரு கற்பனைக் கோஷ்டி அமைத்துக்கொண்டு, அவர்கள் ஓடும் கஜத்தைத் தங்கள் மதிப்பெண்ணாகக் கொண்டு, நண்பர்களோடு பந்தயம் ஆடுகிறவர்கள். இவர்களுக்கு லயன்ஸ் ஜயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். ஓட்டக்காரர் ஆறு கஜம் குறைவாக ஓடினால், தங்கள் மடியிலிருந்து பணத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டதாகவே கோபிப்பார்கள். அமெரிக்க ஓட்டக்காரர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் வந்து சேரும் வசைகளில் கணிசமான பங்கு இந்தக் கட்சியினுடையது.

மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் கூடி, ஒரு மனிதரைப் பார்த்து ஒரே குரலில் 'ஊ' என்று ஊளையிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? நாலு ஓட்டம் வீணானால், ஐந்தாவது ஓட்டத்தில் பாதை திறக்கும் வரையில் காத்திருக்க அவருக்குத் தைரியம் வராது. முட்டி மோதியாவது ஒரு கஜம் எடுப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு பாய்வார். அப்போதுதான் பக்கத்தில் பாதை திறக்கும். அதை டெலிவிஷனில் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் காட்டுவார்கள். மறுபடியும் 'ஊ'!

உண்மையில் குற்றவாளி யார்?

ஓர் ஓட்டம் எப்படி நிகழ்கிறது என்று நிதானமாகப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. க்வார்ட்டர்பாக்குக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் ஒருவர், அவருக்கு இருபுறமும் இருவர், அவர்களுக்கு அப்பால் கோடியில் இருவர். எதிர் வரிசையாரைத் தோள் கொடுத்துத் தள்ளி, ஓர் ஆள் நுழையும்படி சந்து உண்டாக்குவது அவர்கள் வேலை. அந்தச் சந்து திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. ஐவரில் நால்வர் தங்கள் கடமையைச் செவ்வனே செய்து, ஒருவர் மட்டும் கால் வழுக்கினாலும் போதும். அந்த இடைவெளி வழியாக எதிரி உள்ளே புகுந்துவிடுவான். ஓட்டக்காரர் பந்தை வாங்கும்போதே அவன் மார்போடு மார்பாக வந்து மோதுவான். காலரியில் இருக்கும் ரஸிகரோ பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் வழுக்கியவர் அவர் கண்ணில் படுவதில்லை, விழுந்தவர்தான் படுகிறார்.

இதற்குச் சாட்சி சொல்ல டிட்ராய்ட்டுக்கு வெளியே போகவேண்டாம். அவர்களுடைய ஸாண்டர்ஸையே கூப்பிடலாம். 1994-ம் வருஷம் அவர் 1,883 கஜம் ஓடியிருந்தார். அவ்வருஷம் டிஸம்பர் 31-ந் தேதி க்ரீன் பே நகரத்தில் பிளே-ஆஃப் ஆட்டம். எதிரிகள் லயன்ஸின் முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ளி, அவர் பந்து வாங்கும் இடத்துக்கே வந்து நின்றார்கள். பதின்மூன்று தடவை ஓடினார். மொத்தம் எவ்வளவு தெரியுமா? கழித்தல் ஒன்று! அதாவது, ஓடாமல் நின்றிருந்தால் ஒரு கஜம் மிச்சமாகியிருக்கும். லயன்ஸ் 16-க்கு 12 என்று தோற்றது. உலகத்திலேயே சிறந்த ஓட்டக்காரர் என்று பேர் பெற்றவருக்கு, வழி திறக்காத நாளில் கதி இது. வழியே திறக்காத பெல்லையும் அப்துல்லாவையும் மட்டும் தூக்கில் போடுவது எந்த ஊர் நியாயம்?

அந்த மகா புருஷர் ஆடிய பத்து வருஷங்களில் லயன்ஸ் ஜயித்த பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: 1992-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி டல்லாஸ் கோஷ்டியை 38-க்கு 6 என்று வென்றது. அந்த ஸீஸனின் கதையும் கேட்கத்தக்கது. 1991 நவம்பர் 17-ந் தேதி முன்வரிசைக்காரர் மைக் அட்லி கழுத்தில் அடிபட்டு மைதானத்தில் விழுந்தார். மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தூக்கிக்கொண்டு போகும்போது, கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே போனார். அந்த விரல்தான் அவ்வருஷம் கோஷ்டியின் கொடியாயிற்று. அதன் பிறகு டல்லாஸ் வெற்றி வரையில் அவர்கள் தோற்கவே இல்லை. முன்வரிசைக்காரர் பெயரை ஊர் அறிந்துகொள்ள, அவர் திரும்ப எழுந்திருக்காமல் விழவேண்டியிருந்தது.

விரதம் முடிந்தது

கடைசியில் நிர்வாகிகள் காரியத்தின் வேரைப் பிடித்தார்கள். 2016-ல் டெய்லர் டெக்கர், 2018-ல் ஃப்ராங்க் ராக்னோ என்று முதல் தேர்விலேயே முன்வரிசைக்காரர்களை எடுத்தார்கள். ராக்னோவோடு அதே வருஷம் இரண்டாவது சுற்றில் வந்தவர் கெரியன் ஜான்ஸன் என்ற இளம் ஓட்டக்காரர்.

2018 செப்டம்பர் 23, ஞாயிறு இரவு. எதிரி, பெயர் பெற்ற 'பேட்ரியட்ஸ்' கோஷ்டி. ஜான்ஸன் பதினாறு ஓட்டத்தில் 101 கஜம் ஓடினார். 26-க்கு 10 என்று லயன்ஸ் வென்றது. 70 ஆட்டங்களாகக் கூடியிருந்த பாரம் ஒரு கஜ உபரியில் இறங்கியது. 99 கஜத்துக்கும் 101 கஜத்துக்கும் ஆட்டத்தில் பெரிய பேதம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விரதம் முடித்தவனுக்கு முதல் கவளம் எவ்வளவு சிறிது என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. அவ்வருஷம் பத்து ஆட்டத்தில் 641 கஜம் ஓடிய ஜான்ஸனுக்கு முழங்காலில் அடிபட்டது. அடுத்த வருஷமும் முழங்கால். 2021 மே மாதம் கோஷ்டி அவரை விடுவித்துவிட்டது. இந்த ஆட்டத்தில் ஓட்டக்காரரின் ஆயுள் சராசரி மூன்று வருஷத்துக்கும் குறைவு என்று ஆட்டக்காரர்களின் சங்கமே கணக்குச் சொல்லியிருக்கிறது. நாம் அவரைத் திட்டி முடிப்பதற்குள் அவர் உத்தியோகம் முடிந்துவிடுகிறது.

ஆனால் முன்வரிசை நின்றது. 2021-ல் பெனே ஸூவல் என்ற மலை போன்ற இளைஞரும் அதில் சேர்ந்துகொண்டார். அதற்குப் பின் ஓட்டக்காரர் யாரானாலும் ஓடினார்கள். 2022-ல் ஜமால் வில்லியம்ஸ் ஓடியே 17 டச்டவுன் போட்டு, 1991-ல் ஸாண்டர்ஸ் போட்ட 16 என்ற கோஷ்டிச் சாதனையை முறியடித்தார். 2023-ல் டேவிட் மான்ட்கோமரி 1,015 கஜம். ஜமீர் கிப்ஸ் 945 கஜம். கிப்ஸைப் பன்னிரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த அன்று, "ஓட்டக்காரருக்கு இவ்வளவு உயர்ந்த இடமா?" என்று கேலி செய்யாத பத்திரிகைப் பண்டிதர் குறைவு.

2024 ஜனவரி 14-ந் தேதி, முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு டிட்ராய்ட் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஜயித்தது. தோற்றவர்கள் லாஸ் ஏஞ்ஜல்ஸ் கோஷ்டியார். அவர்களுடைய க்வார்ட்டர்பாக், விதியின் விளையாட்டு, பழைய ஸ்டாஃபோர்ட்! இரண்டு வாரம் கழித்து ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ கோஷ்டியோடு நடந்த ஆட்டத்தில் இடைவேளையில் 24-க்கு 7 என்று முன்னணியில் இருந்து, 34-க்கு 31 என்று தோற்றார்கள். அன்று பந்து கை மாறும்போது நழுவி எதிரியிடம் போனது. அதை வாங்க வேண்டியவர் கிப்ஸ். பழைய நாளாக இருந்தால் அந்த ஒரு நழுவலுக்கு அவரை ஊரைவிட்டே ஓட்டியிருப்பார்கள். இந்தத் தடவை கோபம் பல பேருக்குப் பங்கிடப்பட்டது. பயிற்சியாளருக்கும் தாராளமாகக் கிடைத்தது. கிப்ஸ் அடுத்த ஸீஸனில் 1,412 கஜம் ஓடினார். கோஷ்டி 17 ஆட்டங்களில் 15 ஜயித்தது.

வாசலில் ஒரு சிலை

2023 செப்டம்பர் மாதம் டிட்ராய்ட் மைதானத்துக்கு வெளியே பாரி ஸாண்டர்ஸுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். எட்டடிச் சிலை, பந்தோடு பாயும் கோலம். ஆட்டத்துக்கு வருகிற தகப்பன்மார் பிள்ளைகளை அதன் அருகில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் ஓடியதைப் பார்க்காத பிள்ளைகள் அவர்கள். அப்பா சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய், இன்றைக்கு ஓடுகிறவரைப் பார்க்கிறார்கள்.

ரஸிகர்கள் கோபித்துக்கொள்வதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. கோபம் உரிமை உள்ள இடத்தில்தான் பிறக்கும். அந்நியன் பிள்ளை பரீட்சையில் தவறினால் நமக்கு என்ன? திவாலான ஊரில், தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டாவது ஆட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். ஐந்து வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நூறு கஜத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு, கொஞ்சம் உரக்கப் பேசும் பாத்தியதை உண்டு.

ஆனால் அந்தச் சிலையைச் செய்தவர் ஒருவரைத்தான் வார்த்தார். வெண்கலத்தில் அதற்குமேல் செய்ய இயலாது. அவருக்கு முன்னால் குனிந்து நின்ற ஐந்து பேரை, பார்க்கிறவர்கள்தான் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடியவரைப் புகழும்போது அவர்களை நினைத்துக்கொள்வது மரியாதை. விழுந்தவரைப் பார்த்து ஊளையிட வாயைத் திறக்கும்போது நினைத்துக்கொள்வது, மரியாதைக்கும் மேலே, நியாயம்.